ஹெலிகாப்டர் பிளேடில் ரூட் ஃபிட்டிங் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளேடு தயாரிப்பிலும் பழுதுபார்ப்பிலும் புதிதாகச் சேர்பவர்கள், விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லா வகைப் பிளேடுக்கும் பொதுவான விளக்கம்தான் இது. கையில் இருக்கும் பிளேடுக்கு அதன் தயாரிப்பாளரின் கையேடும் அங்கீகரிக்கப்பட்ட செயல்முறைத் தாளும் சொல்வதே இறுதி.

ரூட் ஃபிட்டிங் என்றால் எதைச் சொல்கிறோம்?

ஹப் என்ற சுழலும் மையப் பகுதியோடு பிளேடு சேரும் முனைதான் ரூட். அங்கே இருக்கும் உலோகத் துண்டு, அதில் உள்ள துளைகள், துளைக்குள் உட்கார்ந்திருக்கும் புஷ் என்ற உலோக வளையம், மேலும் கீழும் அடுக்கடுக்காக ஒட்டிய டப்ளர் தகடுகள் எல்லாம் சேர்ந்து ரூட் ஃபிட்டிங். சில பிளேடுகளில் ஸ்பாரின், அதாவது பிளேடின் நீளத்துக்கு ஓடும் முதன்மைத் தாங்கியின், முனையைச் சுற்றிக் கவ்வும் தனித் துண்டாக அது இருக்கும். அதைக் கஃப் என்பார்கள். பிளேடின் மீதி நீளத்தில் ஒரு சின்னச் சேதம் வந்தால் பெரும்பாலும் தரையிறங்க நேரம் கிடைக்கும். ரூட்டில் இணைப்பு விட்டால் முழுப் பிளேடும் போய்விடும். அதற்கு மாற்று வழி எதுவும் ஹெலிகாப்டரில் இல்லை.

அது எவ்வளவு சுமையைத் தாங்குகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளேடின் எடை 40 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் சுழல் அச்சிலிருந்து 2.7 மீட்டர், நிமிடத்துக்கு 400 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணவேகம் நொடிக்கு ஏறத்தாழ 41.9 ரேடியன். எடையையும் தூரத்தையும் கோணவேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் சுமார் 1,90,000 நியூட்டன் வரும். அதாவது 40 கிலோ பிளேடு தன் ரூட்டை ஏறக்குறைய 19 டன் விசையோடு வெளியே இழுக்கிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுமை கூடுவதால் சுற்று வேகம் 10 சதவீதம் மிஞ்சினால் சுமை 21 சதவீதம் ஏறும். ஓவர்ஸ்பீடு நடந்ததும் பிளேடைக் கழற்றிச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

இழுவை மட்டும் என்றால் வேலை சுலபம். பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழும் அடிக்கிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது, கோணம் மாறும்போது முறுக்கப்படுகிறது. 400 சுற்று என்றால் மணிக்கு 24,000 வளைவுகள். 2,200 மணி நேரம் பறந்தால் 5 கோடியே 28 லட்சம். 19 டன் இழுவை விடாமல் இருக்க, அதன் மேல் இத்தனை கோடி முறை வளைவு வந்து போகிறது. ரூட் ஃபிட்டிங்கில் நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் உலோகச் சோர்வை மனதில் வைத்தே செய்யப்படுகிறது.

பெரிய போல்ட்டாகப் போட்டு இறுக்கிவிட்டால் போதாதா? ஏன் ஒட்ட வேண்டும்?

ஸ்பாரில் நேரடியாகத் துளை போட்டால் துளையின் ஓரத்தில் தகைவு, அதாவது ஓர் அளவு பரப்பில் விழும் விசை, சுற்றிலும் உள்ளதைவிடப் பல மடங்கு ஏறும். போல்ட்டும் துளையும் மைக்ரான் அளவில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலே விரிசலைத் தொடங்கி வைக்கும். ஆகவே துளை இருக்கும் இடத்தில் டப்ளர்களை ஒட்டிப் பொருளைத் தடிமனாக்குகிறோம். சுமை ஸ்பாரிலிருந்து டப்ளருக்குப் பசை வழியாகப் பரந்த பரப்பில் மெதுவாக ஏறி, பிறகு போல்ட்டுக்கும் ஹப்புக்கும் போகிறது.

மேல் சொன்ன 19 டன்னை மேலும் கீழும் 100 மி.மீ. அகலம், 300 மி.மீ. நீளம் கொண்ட ஒட்டுப் பரப்பு தாங்கினால் சராசரித் தகைவு 3 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல்தான். மெல்லிய தாளாக வரும் நல்ல ஃபிலிம் பசை அறை வெப்பநிலையில் 30 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். பத்து மடங்கு இடைவெளி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சுமை சமமாகப் பரவாது. டப்ளர் முடியும் ஓரத்தில்தான் குவியும், அங்கே பசையை உரித்தெடுக்கும் விசையும் சேரும். டப்ளர்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படிப்படியாகச் சுருக்குவதும், முனைகளை விரல் விரலாக வெட்டுவதும், ஓரத்தைச் சரிவாகச் சீவுவதும் அந்தக் குவிப்பைக் குறைக்கத்தான். அழகுக்காகச் செய்தது என்று நினைத்து யாராவது அந்த ஓரத்தை மணல்தாளால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டால், வடிவமைப்பாளர் கணக்கிட்ட சுமைப் பாதையே மாறிவிடும்.

பசையும் போல்ட்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் சுமையைப் பாதிப் பாதியாகப் பகிருமா?

பகிராது. பசைப் படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தடிமன்தான், மிக விறைப்பானது. போல்ட் சுமை எடுக்க முதலில் துளையில் உள்ள இடைவெளி மூட வேண்டும். பசை நன்றாக இருக்கும்வரை கிட்டத்தட்ட எல்லாச் சுமையும் பசை வழியாகவே போகும். பசை விட்டால்தான் போல்ட் வேலைக்கு வரும். அதற்குள் சுமை திடீரென்று துளை ஓரத்துக்கு மாறியிருக்கும், சோர்வு விரிசலுக்கு வழி திறந்திருக்கும். பசை விட்ட பிறகு போல்ட் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வடிவமைப்பில் காட்டியிருந்தால் ஒழிய, அதைக் காப்பாக நம்பக்கூடாது.

கூட்டுப்பொருள் பிளேடில் இது எப்படி மாறுகிறது?

இங்கேதான் வடிவமைப்பு உண்மையிலேயே அழகாகிறது. கூட்டுப்பொருள் என்பது பிசினில் பதித்த இழைகள். கண்ணாடி இழையை ரூட்டில் வெட்டி முடிப்பதில்லை. ஸ்பாரின் மேல்பக்கமாக வந்த இழைக்கற்றை உலோகப் புஷ்ஷைச் சுற்றி வளைந்து திரும்பி மறுபடி பிளேடுக்குள்ளேயே ஓடுகிறது. இழை அறுபடாத வளையம் என்பதால் இழுவையை இழையே நேராக எடுத்துக்கொள்கிறது. பசையைப் பெரிதாக நம்ப வேண்டியதில்லை. 1967-ல் முதலில் பறந்த ஜெர்மனியின் பிஓ 105 ஹெலிகாப்டர் இந்த வழியில் சென்ற முன்னோடிகளில் ஒன்று: கண்ணாடி இழைப் பிளேடுகள், டைட்டானியம் ஹப், அடிப்பதற்கும் ஆடுவதற்கும் தனிக் கீல் கிடையாது.

தயாரிப்பில் கவனிக்க வேண்டியது இழைக்கற்றையின் இழுவிசை. சுற்றும்போது ஒரு கற்றை தளர்ந்தும் அடுத்தது இறுக்கமாகவும் போனால், பறக்கும்போது இறுகியது மட்டுமே சுமை தாங்கும். வளைவின் உள்பக்கத்தில் மடிப்போ காற்றுக்குழியோ விழுந்தால் அங்கிருந்து அடுக்குகள் பிரியத் தொடங்கும். புஷ்ஷுக்கும் இழைக்கும் நடுவே பசை, மேற்பரப்புத் தயாரிப்பு எல்லாம் உலோகப் பிளேடைப் போலவே வேண்டும்.

கரி இழை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. கரி இழை அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். நடுவே ஓர் அடுக்கு கண்ணாடித் துணி வைத்துப் பிரிக்க வேண்டும், அல்லது ஃபிட்டிங்கை டைட்டானியத்தில் செய்ய வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

ஒட்டின் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். அது பலவீனமானது, தண்ணீர் பட்டால் மாறிக்கொண்டே போகும். அதன் மேல் ஒட்டினால் முதல் நாள் சோதனையில் நல்ல வலிமை காட்டும். சில ஆண்டு ஈரத்துக்குப் பிறகு பசை ஒரு பக்கமும் உலோகம் ஒரு பக்கமுமாகச் சுத்தமாகப் பிரிந்து வரும்.

வழக்கமான வரிசை இது: எண்ணெய்ப்பசையைக் கரைப்பானால் நீக்குவது, காரக் குளியல், கழுவல், பழைய ஆக்சைடை அமிலத்தில் அகற்றுவது, மறுபடி கழுவல், பிறகு பாஸ்பாரிக் அமிலத்தில் அனோடைசிங், அதாவது மின்சாரம் செலுத்திப் புதிய ஆக்சைடு வளர்ப்பது. 10 வோல்ட் அளவில், அறை வெப்பநிலையில், 20 முதல் 25 நிமிடம். உருவாகும் புதிய ஆக்சைடு அரை மைக்ரானுக்கும் மெல்லியது. நுண்துளைகளும் நுனிகளும் நிறைந்தது. பிரைமர் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். துருவமுனைப்பு வடிகட்டி வழியே விளக்கொளியில் பார்த்து, வடிகட்டியைத் திருப்பினால் நிறம் மாறுவது நல்ல அனோடைசிங்குக்கு அடையாளம். அந்தப் பரப்பைக் கையால் தொடவே கூடாது. விரல் பட்டால் நுனிகள் நசுங்கிவிடும். குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்தாக வேண்டும், அதுவும் சில மைக்ரான் மட்டுமே. தடித்த பிரைமர் வலிமை தராது, குறைக்கும்.

டைட்டானியத்துக்கும் எஃகுக்கும் முறை வேறு. டைட்டானியத்தில் மணல்வீச்சுக்குப் பிறகு சோல்-ஜெல் பூச்சு பரவலாகப் பயன்படுகிறது.

ஒட்டும் அறையில் சிலிக்கோன் உள்ள எந்தப் பொருளும் நுழையக்கூடாது. ஸ்பிரே, கிரீஸ், சிலர் கைக்குப் பூசும் கிரீம் எல்லாம் இதில் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவே போதும், ஒட்டைக் கெடுக்க.

தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் சோதனையில் தேறினால் மேற்பரப்பு தயார்தானே?

தண்ணீர்ப் படலம் உடையாமல் பரவினால் எண்ணெய் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். ஆக்சைடு சரியா என்பதை அது சொல்லாது. சோப்பு மிச்சம் இருந்தாலும் தண்ணீர் அழகாகப் பரவும்.

ஃபிலிம் பசையை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் ஏன் பிரிக்கக்கூடாது?

மைனஸ் 18 டிகிரியில் இருந்த ரோலைத் திறந்தால் அறைக் காற்றின் ஈரம் அதன் மேல் படியும். அந்த ஈரம் பசையை இறுகவைக்கும் கியூரிங் சூட்டில் ஆவியாகிக் குமிழ் விடும். உறையோடு வைத்து, முழு ரோலும் அறை வெப்பநிலைக்கு வந்தபின், உறையின் வெளியே வியர்க்காத நிலையில் திறக்க வேண்டும். வெளியே இருந்த மொத்த நேரத்தையும் ஒவ்வொரு முறையும் அட்டையில் எழுத வேண்டும். வரம்பு தாண்டிய பசை பார்க்கவும் தொடவும் நன்றாகவே இருக்கும். அதை நம்பி எடுத்துப் பயன்படுத்தவே கூடாது.

கியூரிங்கில் எது பெரும்பாலும் தவறுகிறது?

வெப்பமானியை வைக்கும் இடம். 121 டிகிரியில் ஒரு மணி நேரம் என்று தாள் சொன்னால், அது பசைக் கோட்டின் வெப்பநிலை. ரூட் ஃபிட்டிங் தடித்த உலோகம். மெல்லிய தோல் பகுதி சூடான வெகு நேரத்துக்குப் பிறகே அது சூடேறும். மிக மெதுவாகச் சூடாகும் வெப்பமானி இலக்கைத் தொட்ட பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். அதே சமயம் மிக வேகமாகச் சூடாவது உச்ச வரம்பைத் தாண்டக்கூடாது.

அடுத்தது அழுத்தம். பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாவிட்டால் ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பின் அழுத்தம் அந்த இடைவெளியை மூடாது. பசை அங்கே தடித்தும் காற்றுத் துளைகளோடும் நிற்கும். உண்மையான பசை வைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பிரியும் தாள் வைத்த ஒரு பசைப் படலத்தைக் கியூர் செய்து எடுத்து, எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பார்ப்பது நல்ல பழக்கம். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் ஃபிட்டிங்கின் வடிவம் சரியா என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதுவும் காட்டாது.

மூன்றாவது வெப்ப விரிவு. அலுமினிய ஸ்பாரில் 300 மி.மீ. நீள டைட்டானியம் ஃபிட்டிங்கை ஒட்டி 100 டிகிரி குளிரவிட்டால், இரண்டும் சுருங்கும் அளவில் 0.4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைப் பசை தாங்கிக்கொண்டே பறக்கப் போகிறது. குறைந்த சூட்டில் கியூராகும் பசையைச் சில இடங்களில் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

புஷ்ஷை எப்படிப் பொருத்துகிறார்கள்? அடித்து இறக்கலாமா?

அடிக்கக்கூடாது. துளையைவிடப் புஷ் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பெரிதாக இருக்கும். அதைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் குளிரவைத்தால் 40 மி.மீ. எஃகுப் புஷ் ஏறத்தாழ 0.08 மி.மீ. சுருங்கும். உறைபனியைத் துடைத்துவிட்டு, துளையில் பிரைமரோ சீலன்ட்டோ தடவி, ஒரே மூச்சில் நேராக உட்கார வைக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் இழுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், துளையைக் கீறிவிடும். திரவ நைட்ரஜன் வேலைக்குக் காற்றோட்டமான இடம் கட்டாயம்.

உலோக ஃபிட்டிங்கில் புஷ் போடுவதற்கு முன் துளையைக் குளிர்நிலையில் விரிப்பதும் உண்டு. துளையைச் சுற்றி நிலையான அமுக்கத் தகைவு உண்டாகும், விரிசல் வளர்வது தடைபடும். கூட்டுப்பொருளில் நேரடியாக இறுக்கமான பொருத்தம் ஆபத்து, அடுக்குகள் பிரிந்துவிடும்; அங்கே புஷ்ஷை ஒட்டுவதே வழக்கம்.

கோணத்தில் எவ்வளவு துல்லியம் தேவை?

துளையின் அச்சு சாய்ந்தால் பிளேடு முழுவதும் சாயும். 5 மீட்டர் பிளேடில் ரூட்டில் 0.1 டிகிரி பிசகினால் முனையில் கிட்டத்தட்ட 9 மி.மீ. ஆகிவிடும். அதனால் ஒட்டும்போதே ஜிக் என்ற பிடிசட்டத்தில் பிடித்து வைத்து, துளையின் கடைசித் துருவலை ஒட்டிக் குளிர்ந்த பிறகு பிளேடின் உண்மையான அச்சைக் கொண்டு செய்கிறார்கள்.

ஒட்டி முடித்த பிறகு ஒட்டு வலுவாக இருக்கிறதா என்று கருவியால் கண்டுபிடிக்க முடியாதா?

இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தத் தொழிலின் எல்லாக் கண்டிப்புகளுக்கும் காரணம். மீயொலிச் சோதனை காற்றுக்குழியைக் காட்டும், பிரிந்த இடத்தைக் காட்டும், தடிமனைக் காட்டும். பசை உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் ஒலி தடையில்லாமல் கடந்துபோகும். திரையில் நல்ல ஒட்டாகவே தெரியும். தொழிலில் இதைக் கிஸ்ஸிங் பாண்ட் என்பார்கள். அந்த ஒட்டின் வலிமையை உடைக்காமல் நம்பகமாக அளக்கும் கருவி நடைமுறையில் இல்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 2009-ல் வெளியிட்ட கூட்டுப்பொருள் கட்டமைப்பு வழிகாட்டியான ஏசி 20-107பி இதற்கு மூன்று வழி சொல்கிறது. ஒட்டு ஓரளவுக்கு மேல் பிரியாதபடி வடிவமைப்பிலேயே தடுப்பு வைத்து, அந்த அளவு பிரிந்தாலும் சுமை தாங்கும் என்று காட்ட வேண்டும். அல்லது தயாராகும் ஒவ்வொரு பாகத்தையும் சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு ஒட்டின் வலிமையையும் உறுதிசெய்யும் நம்பகமான சோதனை முறை வேண்டும். மூன்றாவது வழி கைக்கு எட்டாதவரை, செயல்முறையை ஒழுங்காக நடத்துவதைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

எனவே பிளேடோடு சேர்த்து அதே குளியல், அதே பிரைமர், அதே கியூரிங்கில் சாட்சித் துண்டுகள் என்ற சோதனைத் துண்டுகளும் போகின்றன. அவற்றை இழுத்து உடைக்கிறோம். என் பார்வையில் இழுவைச் சோதனையைவிட, முன்பு ஏஎஸ்டிஎம் டி3762 என்ற தரமாக இருந்த ஆப்புச் சோதனை அதிகம் சொல்லும். ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆப்பு செருகி, ஈரமும் சூடும் உள்ள பெட்டியில் வைத்து விரிசல் எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்பார்கள். மோசமான மேற்பரப்புத் தயாரிப்பு இழுவைச் சோதனையில் தப்பிவிடும், இங்கே தப்பாது. உடைந்த முகத்தில் இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு பக்கம் வெறும் உலோகம் தெரிந்தால், வலிமை எண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும், அந்தத் தொகுதியை நிறுத்த வேண்டும்.

ரூட்டில் பிழை வந்து விபத்து நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிபோர்னியாவின் காம்ப்டனில் சிகோர்ஸ்கி எஸ்-61எல் பயணிகள் ஹெலிகாப்டர் விழுந்து 21 பேரும் இறந்தனர். பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டில் சோர்வால் முறிந்திருந்தது. விரிசல் தொடங்கிய இடத்தில் உலோகத்தின் கடினம் குறைவு, சிறு உலோகக் குண்டுகளை வீசி மேற்பரப்பை இறுக்கும் ஷாட் பீனிங்கும் போதாது என்று விசாரணை கண்டது. 2003-ல் ஆஸ்திரேலியாவில் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்ததும் பிளேடின் ரூட்டில் போல்ட் துளையை ஒட்டி வளர்ந்த சோர்வு விரிசலால். சுமை கணக்கிட்டதைவிட அதிகமானதால் இவை முறியவில்லை. செய்முறையிலோ நிலையிலோ இருந்த சிறு குறையைக் கோடிக்கணக்கான சுற்றுகள் வளர்த்தன.

ரூட்டில் கீறலோ அரிப்போ இருந்தால் நாங்களே பழுது பார்க்கலாமா?

கையேட்டில் உள்ள சேத வரைபடத்தைப் பாருங்கள். பிளேடின் பின்பக்கத் தோலில் பெரிய ஒட்டுத்துண்டு போடவே அனுமதி இருக்கும். ரூட்டை நெருங்க நெருங்க வரம்பு சுருங்கி, பல பிளேடுகளில் எந்தப் பழுதும் அனுமதியில்லாத பகுதியாகிவிடும். மேலோட்டக் கீறலைச் சொன்ன ஆழம்வரை மென்மையாகத் தேய்த்து விடலாம், அதுவும் பிளேடின் நீளவாக்கில். அதற்கு மேல் என்றால் தயாரிப்பாளரோ அவர் அங்கீகரித்த பழுதுக்கூடமோதான்.

இடி தாக்கிய பிளேடு என்றால் இன்னும் எச்சரிக்கை. 2002 ஜூலை 16 அன்று வட கடலில் எஸ்-76ஏ ஒன்று விழுந்து 11 பேர் இறந்தனர். முறிந்த பிளேடை 1999-ல் மின்னல் தாக்கியிருந்தது. சோதனை முடிந்து பிளேடு பணிக்குத் திரும்பியிருந்தது. தயாரிப்பிலேயே இருந்த ஒரு சிறு குறை வழியே மின்னலின் ஆற்றல் டைட்டானியம் ஸ்பாரின் உள்ளமைப்பை மாற்றி, விரிசலுக்கு விதையாகியிருந்தது. அது ரூட்டில் நடந்ததல்ல, ஆனால் மின்னோட்டம் ஹப்புக்குப் போகும் வழி ரூட் என்பதால் புஷ்ஷைச் சுற்றிக் கருகல், குழிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

பழுதுக்கூடத்தில் பழைய ஃபிட்டிங்கை எடுத்துவிட்டுப் புதிது ஒட்டுவது எப்படி?

புதிய பிளேடைவிடக் கடினம். கழற்றும்போது ஸ்பாரைக் கீறாமல், அளவான சூட்டில் பசையை இளக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் நல்ல ஒட்டுகளும் அந்தச் சூட்டைப் பார்க்கும் என்பதை மறக்கக்கூடாது. முழு ஸ்பாரையும் அமிலத் தொட்டியில் இறக்க முடியாது. இடுக்கில் அமிலம் தங்கினால் அரிப்பு. ஆகவே அந்த இடத்தில் மட்டும் செய்யும் முறைகள்தான் வழி. கூட்டுப்பொருள் என்றால் பல ஆண்டு குடித்த ஈரத்தை முதலில் மெதுவான சூட்டில் உலர்த்தி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு நேராகக் கியூரிங் சூட்டுக்குப் போனால் ஈரம் நீராவியாகிப் பசையைத் துளைக்கும், அடுக்குகளையே பிரிக்கும்.

நாணயத்தால் தட்டிப் பார்ப்பது உண்மையில் பயன்படுமா?

மெல்லிய தோலில் பயன்படும். ஒலி மந்தமானால் அங்கே குறி போட்டு மீயொலியால் பாருங்கள். தடித்த ரூட்டில் காது ஏமாற்றும். அங்கே உலோகத்துக்குச் சுழல் மின்னோட்டச் சோதனை, ஒட்டுக்கு மீயொலி. டப்ளர் ஓரத்தில் பெயின்ட் மயிரிழை அளவு வெடித்திருந்தால் அதைப் பெயின்ட் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழே பசை விடத் தொடங்கியிருக்கலாம்.

சோதனையில் தேறிய பிளேடைக்கூட ஏன் ஆயுள் முடிந்ததும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்?

சோர்வு கண்ணுக்குத் தெரியும் விரிசலாகும் முன்பே ஆயுளின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். ஆர்22, ஆர்44 பிளேடுகளுக்கு 2,200 மணி அல்லது 12 ஆண்டு, எது முன்னே வருகிறதோ அது. மணிக் கணக்கு சோர்வுக்கு, ஆண்டுக் கணக்கு அரிப்புக்கும் பசையின் முதுமைக்கும். பறக்காமல் நின்ற ஹெலிகாப்டருக்கும் ஈரம் ஏறும்.

ஃபிட்டிங் மாற்றிய பிளேடை நேராக ஹெலிகாப்டரில் மாட்டலாமா?

முதலில் எடையும் நிலைச் சமநிலையும். மாஸ்டர் பிளேடோடு ஒப்பிட்டு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் திருப்புத்திறனைச் சரிசெய்ய வேண்டும். பிறகு முடிந்தால் சுழல் கோபுரத்தில் முழு வேகத்தில் ஓட்டி, முனை ஒரே பாதையில் போகிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டிய பின் தரையில் டிராக்கிங், அதாவது எல்லாப் பிளேடு முனைகளும் ஒரே பாதையில் போகின்றனவா என்ற சோதனை, அதிர்வு அளவீடு. ரூட் போல்ட்டுக்குச் சொன்ன டார்க் (முறுக்கி இறுக்கும் அளவு), சொன்ன மசகு; மசகு மாறினால் அதே டார்க்கில் போல்ட்டின் இறுக்கம் மாறிவிடும். சில மணி நேரம் பறந்த பிறகு டார்க்கை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தால் அந்த மணியைத் தாண்ட விடாதீர்கள். ஃபிட்டிங்கின் தொடர் எண், பசைத் தொகுதி எண், கியூரிங் வரைபடம், சாட்சித் துண்டு முடிவு நான்கும் பிளேடின் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.